சிவப்பு வரிகளைத் தாண்டி வாசித்தவர்

கண் ஆஸ்பத்திரியில் என் பழைய பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் போன வாரம் தேனியிலிருந்து பஸ் ஏறி உத்தமபாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே மின்புத்தகம் படிக்கிற கருவி, கலர் திரை போட்டது. ஆஸ்பத்திரிக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தார்களாம். "அக்கா, பார்வை கொறஞ்சவுகளுக்கு இதை எழுதிக் குடுக்கலாமா, இல்ல பழைய கறுப்பு வெள்ளையே போதுமா? நீங்க சொன்னா சரி" என்றார்கள்.

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது, அப்படியும் பாதிதான் சொன்னேன். ஓய்வு பெற்றவளிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதவும் மனசு வரவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. நர்சும் இல்லை. இருந்தாலும் வேலையில் இருந்த காலமெல்லாம் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் நான் 'சிஸ்டர்'தான். திருத்திப் பார்த்து அலுத்து விட்டுவிட்டேன். என் வேலை பார்வைக் குறைவுப் பிரிவில். கண்ணாடியும் ஆபரேஷனும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டன, இதற்கு மேல் பார்வை திரும்பாது என்று ஆனவர்கள் எங்களிடம் வருவார்கள். மிச்சம் இருப்பதை வைத்து எப்படிக் காலம் தள்ளுவது என்று சொல்லிக் கொடுப்போம். மதுரையில் போய்ப் படித்துவிட்டு வந்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, லென்ஸ் நம்பர்களும் விடுதிச் சாம்பாரும்தான் ஞாபகம் இருக்கின்றன. வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் பிரிவின் டாக்டரம்மா.

டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே எங்களுக்கு அவர் மேல் பயம் அதிகம். நோயாளியிடம் பேசத் தொடங்கும் முன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். 'என்ன தெரியலை?' என்று கேட்க மாட்டார். "இந்தக் கண்ணை வச்சு நீங்க என்ன செய்யணும்?" என்பார். ஊசியில் நூல் கோக்கணும் என்பார்கள், பஸ் போர்டு படிக்கணும் என்பார்கள், பேத்தி முகத்தைப் பார்க்கணும் என்பார்கள். அதைத்தான் தாளின் தலைப்பில் எழுத வேண்டும். நோயின் பெயர் அதற்குக் கீழேதான்.

எழுத்தின் அளவைச் சோதிக்கும் அட்டை எல்லாருக்கும் தெரியும், மேலே பெரிசு, கீழே பொடிசு. எங்களிடம் இன்னொரு அட்டை உண்டு. அதில் எழுத்தெல்லாம் ஒரே அளவுதான். முதல் வரி கன்னங்கரேலென்று இருக்கும். கீழே போகப் போக வெளுத்துக்கொண்டே போய், கடைசி வரி வெள்ளைத் தாளில் மூச்சு விட்டது போலத்தான் தெரியும். நோயாளி எந்த வரியில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். டாக்டரம்மா முதலில் அறையின் டியூப் லைட்டை அணைக்கச் சொல்வார், பிறகு திரைச்சீலையை இழுக்கச் சொல்வார், பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு வெளிச்சத்திலும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். நான் அவசரப்பட்டு எழுத்தைச் சுட்டிக்காட்டினால் என் கையை மெதுவாகத் தட்டிவிடுவார். நோயாளி எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவர் காத்திருப்பார், நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

வெளுத்த அட்டைக்கு என்ன மதிப்பு என்று எனக்குப் புரிய வைத்தவர் கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் ஏறி இறங்குகிறவர். பொடி எழுத்தைக் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்துவிட்டு எழுந்துவிட்டார். டாக்டரம்மா உட்காரச் சொல்லி வெளுத்த அட்டையைக் காட்டினார். பாதியிலேயே நின்றுவிட்டார். பனி மூட்டத்தில் சாம்பல் நிறச் சாலையும் சாம்பல் நிறப் பள்ளமும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கின்றன. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும், "வேற என்ன தெரியும்மா எனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு ஓட்டினாரா, நிறுத்தினாரா, தெரியாது. மலையில் ஜீப் கவிழ்ந்தது என்று யார் சொன்னாலும் டிரைவர் எந்த ஊர் என்று முதலில் கேட்பேன்.

போடி அருமைநாயகம் ஐயா எங்களிடம் வந்தது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. போடி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருந்தவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அளந்த பேச்சு. கண் அழுத்த நோய் சுற்றுப்பார்வையைத் தின்றுவிட்டது. நடுவில் இருந்ததும் மங்கல்தான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சாயங்கால ஜெபத்துல நான் வாசிக்கணும் தாயி. எங்க வீட்டுல அது மூத்த ஆம்பளை வேலை. எங்கப்பா சாகுற அன்னிக்குச் சாயங்காலமும் அவுகதான் வாசிச்சாக" என்றார்.

அச்சுப் புத்தகத்தின் எழுத்து அவருக்குப் பத்தாது. பூதக்கண்ணாடியைப் பிடித்தால் வரி தப்பியது. செல்போன் வெளிச்சம் கூசியது. அதனால் கறுப்பு வெள்ளைக் கருவி ஒன்றை எழுதிக் கொடுத்தோம். அதன் திரை கிட்டத்தட்டக் காகிதம் மாதிரி. தானாக ஒளி வீசாது, அறை வெளிச்சத்திலேயே படிக்கலாம், எழுத்தை வேண்டிய அளவு பெரிசாக்கிக்கொள்ளலாம். தினம் ஒரு வேதப் பகுதியாக அவர்கள் வீட்டில் வாசிக்கும் தியானப் புத்தகத்தை மகன் அதில் ஏற்றிக் கொடுத்தார். ஐயா நன்றாக வாசித்தார். அடுத்தடுத்த சோதனைக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் காப்பித்தூள் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும்.

பிறகு ஒருநாள் மூத்த மகன் ஜெபராஜ் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பித்தூள் இல்லை. ஐயா தலையை நிமிர்த்தவே இல்லை.

"சிஸ்டர், அப்பாவுக்கு மனசு தடுமாறுது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி மூளை டாக்டர்கிட்ட காட்டப் போறோம். அதுக்கு முன்னாடி கண்ணை ஒரு தடவ பாத்துருங்க" என்றார் ஜெபராஜ்.

என்ன தடுமாற்றம் என்று கேட்டேன். அவர்கள் புத்தகத்தில் ஆண்டவர் பேசுகிற வரிகள் எல்லாம் சிவப்பில் அச்சாகியிருக்கும். மற்றவர் பேசுவது கறுப்பு. ஐயா சில மாதங்களாகச் சிவப்பு வரிகளை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கிறாராம். "புத்தகத்துல ஒருத்தர் ஆண்டவர்கிட்ட வந்து கேள்வி கேப்பாரு. பதில் வராது. அடுத்த வரிக்குப் போயிருவாக. தெனமும் இப்படித்தான். எடுத்துச் சொன்னா பேசாம உக்காந்திருக்காக. சர்ச்சு ஆளுக எங்க வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்த அன்னிக்கும் அதே கூத்து. பெறகு நானே வாசிச்சுர்றேன். கடைக்கும் வர வேணாம்னு சொல்லிட்டோம்" என்றார். அம்மா இறந்ததிலிருந்து ஆண்டவர் மேல் கோபமோ என்னவோ என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்.

கண் அழுத்தம் ஏறவில்லை. சுற்றுப்பார்வை அப்படியே இருந்தது. வெளுத்த அட்டையில் மட்டும் முன்பைவிட ஒரு வரி மேலேயே நின்றுவிட்டார், அதுவும் வயசுக்கு நடப்பதுதான். வீட்டில் படிக்கும் கருவியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஜெபராஜ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நாங்கள் எழுதிக் கொடுத்த கருவி இல்லை. கலர் திரை. பெங்களூரில் இருக்கும் இளைய மகன் வாங்கிக் கொடுத்ததாம். பழையதில் ஆண்டவர் பேசுவதும் மற்றவர் பேசுவதும் ஒரே கறுப்பாக இருக்கிறதே என்று ஐயா ஒரு தடவை சொன்னதைக் கேட்டு, புத்தகத்தில் இருப்பது போலவே சிவப்பு தெரியட்டும் என்று பாசத்தோடு வாங்கி அனுப்பியிருக்கிறார். விலை கூடினது, கலர் வேறு. குறைந்ததாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

எங்கள் அறையின் டியூப் லைட்டுக்கு அடியில் ஐயாவை வாசிக்கச் சொன்னேன். மெதுவாக, ஆனால் ஒரு வரி விடாமல் வாசித்தார். சிவப்பும் வந்தது.

"பாத்தீகளா சிஸ்டர்? இங்கன வாசிக்கிறாக, வீட்டுல விட்டுர்றாக. அப்ப கண்ணுல கோளாறு இல்ல, மனசுலதான்" என்றார் ஜெபராஜ். அவர் குரலில் குத்தல் இல்லை. அழுகிற நிலையில்தான் இருந்தார்.

"ஐயா, வீட்டுல ஏன் விட்டுர்றீங்க?" என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தெரியல தாயி" என்றார். அந்தத் 'தெரியல' எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றை மறைக்கிற மனுஷன் சொல்கிற 'தெரியல' அது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். நோயாளி இல்லாதபோது அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "எத்தனை மணிக்கு அவங்க ஜெபம்? நீ போயிட்டு வா. அவங்க வெளிச்சத்துல பாரு. அங்க ஒரு சுவிட்சைக்கூடத் தொடாதே" என்றார்.

மறுநாள் சாயங்காலம் போடிக்குப் போனேன். பஜாருக்குப் பின்னால் வீடு. ஜெபராஜின் மனைவி எஸ்தர் காப்பி கொடுத்தாள். மாமனாரைப் பற்றிப் பேசும்போது குழந்தையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். "மாமா இன்னிக்கு நல்லா சாப்பிட்டாக சிஸ்டர்" என்றாள். அன்புதான். ஆனால் ஐயா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெப நேரம் வந்தது. அந்த வீட்டில் ஒரு பழக்கம். கவனம் சிதறக் கூடாது என்று ஃபேனை நிறுத்தி டியூப் லைட்டையும் அணைத்துவிடுவார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய வசனத்துக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் எரியும். அந்தச் சுவரை ஒட்டித்தான் வாசிக்கிறவரின் நாற்காலி. இன்று அப்பா வாசிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஜெபராஜ் தயங்கினார், பிறகு எழுந்து நாற்காலியை விட்டார்.

ஐயா வாசித்தார். கணீரென்ற குரல். கதையில் யாரோ ஆண்டவரிடம் வந்து கேள்வி கேட்டார்கள். பதில் வரவில்லை. ஐயா ஒரு நொடி நின்றார், கேட்டவர்கள் திரும்பிப் போகிற வரிக்குத் தாவிவிட்டார். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபராஜ் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று திரையைப் பார்த்தேன். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவர் தலை நிழல் முழுக்கத் திரைமேல் விழுந்திருந்தது. திரையின் பின்புலம் ஈரச் சிமென்ட் சுவர் போல இருந்தது. அதில் கறுப்பு எழுத்து நின்றது. சிவப்பு வரிகள் இருந்த இடத்தில், நல்ல கண் உள்ள நான் குனிந்து பார்த்தபோதுதான், செங்கல் தூசி மாதிரி ஏதோ தெரிந்தது. அந்தக் கருவியின் ஓரத்திலிருந்து திரைமேல் படுகிற விளக்கு ஒன்று உண்டு. அது அணைந்திருந்தது. "கண்ணு கூசுது தாயி, அதான் அமத்திட்டேன்" என்றார் ஐயா. பழைய கருவியிலும் அவர் அதை அணைத்துத்தான் வைத்திருந்தார். அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கலர் என்றதும் புதுசாக ஏதோ திரை என்று நினைக்கிறோம். அதே கறுப்பு வெள்ளைத் திரைதான், அதன் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப் பொடியாக ஒரு சல்லடை. வெளிச்சம் அந்தச் சல்லடை வழியாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். பாதி அதிலேயே நின்றுவிடுகிறது, அதனால் வெள்ளை அழுக்காகிறது. கறுப்பு எழுத்து தப்பித்துக்கொள்ளும். கலர் எழுத்து புள்ளி புள்ளியாகச் சிதறி இன்னும் மங்கும். நல்ல கண் அதைச் சமாளித்துவிடும். அழுத்தம் தின்ற கண்ணுக்கு வெளுப்பின் அந்தச் சின்ன வித்தியாசம்தான் எல்லாம்.

"ஐயா, இந்த இடத்துல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தாயி. வெறுமையா இருக்கு."

"ஏன் சொல்லலை?"

டாக்டரம்மாவிடம் கற்ற பாடம், அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். ஐயா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் பேசுறது தெரியுது. பிசாசு பேசுறதுகூடக் கறுப்புல தெளிவாத் தெரியுது. அவரு பேசுறது மட்டும் எனக்குத் தெரியல. என்கிட்ட பேச்ச நிறுத்திட்டாருன்னு நெனச்சேன். இதப் போயி புள்ளைககிட்ட எப்படிச் சொல்ல?"

"கண்ணுன்னு தோணலையா ஐயா?"

"தோணுச்சு. ஆனா கடையில வச்சுப் பாத்தப்பத் தெரிஞ்சுச்சு, நேத்து ஆஸ்பத்திரியிலயும் தெரிஞ்சுச்சுல்ல? வீட்டுலதான மறைஞ்சிருது? அப்ப இந்த வீட்டுலதான் ஏதோ குத்தம்னு நெனச்சேன்."

"வரியெல்லாம் மனப்பாடமா இருக்குமே, அதைச் சொல்லியிருக்கலாமே?"

"இருக்கு. கண்ணுக்குத் தெரியாதத வாசிச்ச மாதிரி சொன்னா பொய்யில்லையா தாயி?"

சுவிட்சைத் தொடாதே என்ற உத்தரவு அதோடு முடிந்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். டியூப் லைட்டைப் போட்டேன். கருவியின் விளக்கைக் கூசாத அளவுக்கு மஞ்சளாக ஏற்றினேன். எழுத்தைத் தடிமனாக்கி, எல்லாவற்றையும் கறுப்பாக்கினேன். ஐயா அதே பக்கத்தை மறுபடி வாசித்தார். பதில் வந்தது. முடித்ததும் அந்தப் பதிலை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபராஜ், "அப்ப இவ்வளவு நாளா..." என்று தொடங்கி முடிக்கவில்லை. பழைய கருவி பேத்தியிடம் இருந்தது, அன்றைக்கே வாங்கி ஐயாவிடம் கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பெரிய சாதனை செய்த மிதப்பு. இப்போது அதை நினைத்தால் கசக்கிறது.

கலர் திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. படம் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு, வரைபடம் பார்க்கிறவர்களுக்கு, படிக்கும்போது கோடு போட்டு வைக்கிறவர்களுக்கு அது நல்லது. வெயிலில் அதன் கலர் நன்றாகவே நிற்கும், போன் அளவுக்குக் கண்ணை உறுத்தாது. நல்ல கண்ணுக்குக் கொஞ்சம் மங்கல் ஒரு பொருட்டில்லை. எழுத்து மட்டும் வேண்டும், வெளுத்த எழுத்து தெரியாத கண் என்றால் கறுப்பு வெள்ளைதான். கலர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அதன் விளக்கை அணைக்க விடாதீர்கள், அவர்கள் வீட்டில் அவர்கள் நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். அந்தப் பெண்களிடம் இவ்வளவுதான் சொன்னேன். சொல்லாத பாதி இனிமேல்தான் வருகிறது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐயா சோதனைக்கு வந்தார். எஸ்தர் கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மதுரை மூளை டாக்டரிடம் போகவில்லை, அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அறையில் அவரும் நானும் மட்டும். கண் இருந்தது இருந்தபடியே இருந்தது. அந்த நோயில் அதுவே பெரிய விஷயம்.

"இப்ப வீட்டுல வாசிப்பு நல்லாப் போகுதா ஐயா?" என்று கேட்டேன்.

"பெரியவன்தான் வாசிக்கிறான்."

"ஏன்? உங்களுக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுதே?"

"தெரியுது. அவன் வாசிச்சுப் பழகிட்டான், எல்லாருக்கும் அதுவே பழகிருச்சு. நான் கருவிய மடியில வச்சு கூடவே ஓட்டிட்டு வருவேன். அன்னைக்கு ஒருநா அவன் ஒரு வரியத் தாண்டிட்டான். 'தாண்டிட்டயேப்பா'ன்னேன். மருமக என் கையத் தடவிக் குடுத்து, 'சரி மாமா, சரி மாமா'ன்னா. அவன் மேல வாசிச்சுட்டுப் போயிட்டான். தாண்டுனது நெசம் தாயி. நான் திருப்பிப் பாத்தேன்."

"கடைக்குப் போறீங்களா?"

"எதுக்குப்பா செரமம்னு சொல்றாக. நல்ல புள்ளைக, ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா சாப்பிடும்போது ரெண்டு தடவ உப்பு கேட்டுட்டா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாக."

எனக்குக் கோபம் வந்தது. வராந்தாவுக்குப் போய் எஸ்தரிடம், அன்றைக்கு நடந்தது முழுக்கத் திரைக் கோளாறு, மாமாவின் புத்தி தெளிவாக இருக்கிறது, அவரையே வாசிக்க விடுங்கள் என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "ஆமா சிஸ்டர், நல்லாத்தான் இருக்காக. வயசாயிருச்சுல்ல, அவுகளப் போட்டு எதுக்குச் சிரமப்படுத்தணும்?" என்றாள். நான் என்ன சொன்னாலும் அந்த இரக்கத்துக்குள் போய் விழுந்துகொண்டே இருந்தது. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

திரும்பி வந்து சொட்டு மருந்துச் சீட்டை எழுத உட்கார்ந்தேன். ஐயா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று முன்னால் சாய்ந்தார். பெயின்ட் கடையில் எத்தனையோ பேரை வேலை வாங்கிய மனுஷன், என்னிடம் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"தாயி, அதுல இன்னும் ஒரு வரி சேத்து எழுதித் தாரியா? மனசு தெளிவா இருக்குன்னு. ஆஸ்பத்திரி சீல் இருந்தா நம்புவாக."

அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அடுத்த அறையில் இருந்த டாக்டரம்மாவுக்கும் இல்லை. "ஐயா, நாங்க கண்ணுக்குத்தான் எழுதித் தர முடியும்" என்றேன்.

"சரி தாயி" என்றார். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் வராந்தா அகலமானது, வெளிச்சமானது, அவருக்கு நன்றாகப் பழக்கமும் ஆனது. யாரையும் பிடிக்காமல் அவரால் அதில் நடக்க முடியும், எத்தனையோ தடவை நடந்திருக்கிறார். எஸ்தர் எழுந்து கையை நீட்டினாள். ஐயா ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார்.